இடது மூலை

என் வலது கணுக்காலுக்கு லாபீரைத் தெரியும்,
எனக்குத் தெரிவதற்கு முன்பே.

ஏகாம்பரம் மைதானத்தில்
உதைபந்துக்காரர் விட்டுவைத்த ஓரத்தில்
சுண்ணாம்புக் கோடு.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
யாரோ எறிந்த லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டு நின்றது.
மூதூர் அணியில் ஏழு பேர்.
ஆறு பேரைத்தான் பார்த்தேன்.
இடது மூலையில் நின்றவனை எண்ணவில்லை,
அவ்வளவு ஒல்லி.
போனஸ் கோட்டைத் தாண்டிப்
பின்காலைத் தூக்கினேன்.
தூக்கியது ஞாபகம்.
வைத்தது ஞாபகம் இல்லை.

வாய்க்குள் மண்.
கபடி கபடி என்று மூச்சு மட்டும்
ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும்
அதே கால், அதே கை.
கன்னியாவில் ஏழு கிணற்றுத் தண்ணீரையும்
வரிசையாக ஊற்றிப் பார்த்தேன்.
ஐந்தாவதில் வலி இளகும்,
ஏழாவதில் திரும்பி வரும்.
மற்றப் பக்கத்தால் புகுந்து
வலது மூலைக்காரனிடம் நாலு புள்ளி எடுத்தேன் ஒருமுறை.
அப்போதும் லாபீர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கொக்கு என்றார்கள் எங்கள் பொடியன்கள்.
கொக்கு தன் ஒற்றைக் காலில் நிற்கும்.
இவனுக்கு என் ஒற்றைக் கால் போதும்.

மாவட்ட அணியில் இருவரையும் சேர்த்தார்கள்.
மட்டக்களப்புக்குப் போகிற பஸ்ஸில்
வெருகல் தாண்டமுன் அவன் வாந்தி எடுத்தான்.
பையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.
“ஒனக்கு மட்டும் சொல்றன் மச்சான்,
எனக்கு வேகமாப் போறதெல்லாம் ஒத்துக்காது”
என்றான்.

கொழும்பில் ஒரு திணைக்கள அணி
அவனை எடுத்தது.
சம்பளம், தங்க அறை, இரண்டு சோடி சப்பாத்து.
மண் இல்லை அங்கே, மெத்தை.
“ரப்பர் மணக்குது. முழங்கை எரியுது”
என்று போனில் சொன்னான்,
சந்தோசமாக.

பேப்பரில் ரெயிடர்களின் படம் வரும்.
ஒரே ஒரு படத்தில்
கீழ் ஓரத்தில், யாரோ ஒருவனின் கணுக்காலைச் சுற்றி
இரண்டு கை.
முழங்கைக்கு மேலே அச்சில் விழவில்லை.
கீழே பெயரும் இல்லை.
அந்தப் பக்கத்தை மடித்து
ஐஸ் கம்பனி பில் புத்தகத்துக்குள் வைத்தேன்.
ஈரத்தில் ஒட்டிப்போனது.

ஆறாவது வருசம்.
களத்தில் மூன்று பேர் மிச்சம்.
எண்பத்தைந்து கிலோ ஆளைத் தனியே மறித்தான்.
பிடி நிற்க, இரண்டு புள்ளி.
அவனுடைய இடது முழங்கால்
மடியக்கூடாத பக்கம் மடிந்தது.
புள்ளியை எழுதிய பிறகுதான்
ஸ்ட்ரெச்சருக்கு ஆள் போனதாம்.

கடிதம் சிங்களத்தில் வந்தது. நான்கு வரி.
அவனுக்குப் பேச வரும், வாசிக்க வராது.
கூலிக்குப் படிவம் நிரப்புகிற ஒருவனிடம் கொண்டுபோய்
நாற்பது ரூபா கொடுத்துக் கேட்டானாம்,
என்னைப் பிடித்திருக்கிறார்களா
விட்டுவிட்டார்களா என்று.

இந்த மாசி மாதம்
ஐஸ் பாக்கி வாங்க மூதூருக்கு லாஞ்ச் ஏறினேன்.
துறைமுகத்தின் நடுவில் இரண்டு கப்பல் சும்மா நின்றன.
ஜெட்டி கிட்டவர, கயிறு பறந்தது.
தொப்பை வைத்த ஒருவன்
அதைக் காற்றிலேயே பிடித்து, குனிந்து,
கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தான்.
எனக்கு அடையாளம் தெரியவில்லை.
பலகைக்கு வலது காலை நீட்டினேன்.

அவன் நிமிரவில்லை.
கயிற்றை இறுக்கியபடியே,
“இது உப்புவெளிக்காரண்ட காலெல்லுவா” என்றான்.

ஒரு கால் லாஞ்சில், ஒரு கால் பலகையில்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் கோழிக்கூடையோடு வந்த மனுசி
“இறங்குறதெண்டா இறங்குங்கோ” என்று
முதுகில் தள்ளினாள்.