இருப்புப் பதிவேடு, பக்கம் 14

மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால்
வந்த வழியே திரும்பிவிடுமாம் பணம்.
வந்ததே மார்ச் பதினெட்டில்தான்.
ஒன்பதாயிரத்து அறுநூறு.
விலைப்புள்ளி மூன்று, குழுத் தீர்மானம் ஒன்று.
கூடையோடு பஸ் ஏறிவிட்ட குழுத் தலைவி தேசம்மாளைத்
திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்தேன்.
செதில் ஒட்டிய விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டு
"எதுக்கு டீச்சர்?" என்றார்.
கணக்கைக் கையால் தொட்டுப் பார்க்க, என்றேன்.
"நாங்க தெனம் தொடுறதுதானே."

முதுநகரிலிருந்து ஷேர் ஆட்டோவில்
சோனாங்குப்பம் வந்து சேர்ந்தது பெட்டி.
தராசு 1. எடைக்கற்கள் 7.
லென்ஸ் 6. பின்னக் கட்டைகள் ஒரு தொகுதி.
சட்டக் காந்தம் 4, ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம்.
எழுதினேன், எண்ணினேன்,
பீரோவில் வைத்துப் பூட்டினேன்.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.
உடைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்
என்று யாரும் சொல்லவில்லை.
யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது.

ஜூலையில் வட்டார வள மையம் கேட்டது:
மாணவர் பயன்படுத்தும் படம், உடனே.
படத்துக்காகத் திறந்தேன்.
படம் எடுத்தாகிவிட்டது.
கைகளிலிருந்து திரும்ப வாங்கத்தான் முடியவில்லை.

நான்காம் வகுப்பு யோகப்பிரியா
பின்னக் கட்டைகளை விரித்துப் பங்கு போட்டாள்.
படகுக்குப் பாதி.
மீதிப் பாதி ஐந்து ஆளுக்கு.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கலைத்தாள்.
"டீசல் காசை மொதல்ல கழிக்கணும் டீச்சர்,
டீசலுக்குக் கட்டை எங்க?"
பெட்டியின் அடிவரை தேடினேன்.
அனுப்பியவர்கள் டீசலுக்குக் கட்டை அனுப்பவில்லை.

காந்தங்களோடு கரைக்குப் போனது ரித்தீஷின் யோசனை.
அனுமதித்தது நான்.
அலை விட்டுப் போன கருப்பு வரியில்
காந்தத்தை இழுத்தார்கள்.
மணலில் ஒரு பங்கு எழுந்து
பூனை முதுகு போலச் சிலிர்த்து நின்றது.
மறு பங்கு அசையவே இல்லை.
பதினேழு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.
மணி பன்னிரண்டரை. சத்துணவு ஆறியது.
திரும்பி வந்து எண்ணினால்
காந்தம் மூன்று.

குறிப்பு என்ற கட்டம்
என் சுண்டுவிரல் அகலம்.
அதில் கடலை எப்படி எழுதுவது?
'தொலைந்தது 1' என்று எழுதினேன்.
எண்பத்தைந்து ரூபாயை ஒரு கவரில் போட்டு
அதே பக்கத்தில் செருகி வைத்தேன்.

மூன்றாம் நாள் ரித்தீஷ் கொண்டுவந்தான்,
மாசி மகத்தில் வாய் கிழிந்த ஸ்பீக்கரின் வயிற்றிலிருந்து
பிடுங்கிய வட்டக் காந்தம், உள்ளங்கையை விடப் பெரிது.
பீரோ கதவில் ஒட்டினால் எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
வெள்ளிக்கிழமை யோகப்பிரியா ஓடி வந்தாள்.
சித்தப்பாவின் ஃபைபர் படகு நங்கூரத்தைப்
பிடித்துக்கொண்டு தொங்கியதாம் பழையது,
சிவப்பு முனை மட்டும் வெளுத்து.

ஆக, ஐந்து.

தணிக்கைக்கு வந்தவர் பெயர் இளவழுதி.
பரங்கிப்பேட்டையிலிருந்து பைக்கில் வந்த வியர்வை.
இரண்டு முறை எண்ணினார்.
"நாலுதானே வாங்கினீங்க?"
ஆமாம்.
"குறைஞ்சா எழுதுறதுக்குப் படிவம் இருக்கு மேடம்.
கூடினா இல்லை."
பக்கத்தைத் திருப்பினார்.
கவர் விழுந்தது, கூடவே கொஞ்சம் கருமணல்.
எதுவும் கேட்கவில்லை.
பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு
அதையும் அழித்தார்.

கிளம்பும்போது
மேசையிலிருந்த குண்டூசி டப்பாவுக்கு மேலே
ஸ்பீக்கர் காந்தத்தை
ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.
வாசல்வரை போய்த் திரும்பி வந்து
இன்னொரு முறை.