சரக்குத் தராசு

பெத்தல் விமான நிலையத்தில்
ஆளையும் சரக்கையும் ஒரே தராசில்தான் நிறுப்பார்கள்.
எனக்கு முன்னால் ஒரு படகு மோட்டார்,
இரண்டு பெட்டி டயப்பர்,
யாருக்கோ போகும் பிறந்தநாள் கேக்.
பிறகு நான்.

"நூற்றைம்பத்தெட்டு" என்றான் டெரில்,
கோட்டும் பூட்சும் சேர்த்தே.
எழுதியவன் நிமிர்ந்து பார்த்தான்.
"ஒலிங்கா, நீயா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால்
இதே தட்டில் இருநூற்று நாற்பத்தாறு.
அன்று அவன் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை,
பென்சிலால் எழுதித் தாளைக் கவிழ்த்து வைத்தான்.
அந்த மரியாதை இன்னும் சுடுகிறது.

நூற்றறுபது என்று எழுதி
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்.
அதைத் தொட்ட விடியலில் ஊரே தூங்கிக்கொண்டிருந்தது.
ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.
கொண்டாட வேண்டுமே என்று
தின்ன எதையாவது தேடினேன்.
பிறகு விளக்கைப் போட்டுச் சட்டையைக் கழற்றினேன்.

மார்ச்சில் எங்கள் ஆற்றைப் பார்த்திருக்கிறீர்களா?
அடியில் தண்ணீர் எப்போதோ இறங்கியிருக்கும்.
மேலே பனிப்பாளம்
நவம்பரில் உறைந்த மட்டத்திலேயே
கரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.
கோலால் தட்டினால் காலிப் பெட்டியின் ஒலி.
விவரம் தெரிந்தவர்கள் அதன்மேல் வண்டி விட மாட்டார்கள்.

அப்படித்தான் இருந்தது வயிறு.
குனிந்தால் எனக்கு முன்னால் அது குனிகிறது.
யாருக்காவது கையசைத்து நிறுத்திய பிறகும்
மேல்கையின் அடிச்சதை
இன்னும் விடைகொடுத்துக்கொண்டிருக்கிறது.

பூப்போட்ட துணியில்
புதுசாய் ஒரு கஸ்பக் தைக்க உட்கார்ந்தேன்.
கத்தரி பழைய அளவுக்கே போயிற்று.
அளந்து, கோடு போட்டு, மறுபடி வெட்டினேன்.
மறுபடியும் அதே அளவு.

"எவ்வளவு அழகாகிவிட்டாய்" என்கிறார்கள்
தபால் ஜன்னலுக்கு வருபவர்கள்,
பாதிரியாரின் மனைவி,
என்னை நடனத்துக்கு ஒருநாளும் கூப்பிடாத ஈவன்.
ஒவ்வொரு 'ஆகிவிட்டாய்' கேட்கும்போதும்
கதவுக்கு வெளியே அவள் நின்று கேட்கிறாள்.
மீன் அறுக்கையில் தன் வயிற்றையே மேசையாக்கி
கரை முழுக்கச் சிரிக்கவைத்தவள்.
எனக்கு அந்த மாதிரிச் சிரிக்கவைக்க வரவில்லை இப்போது.

"உன் புண்ணியத்தில் எடை மிச்சம்" என்றான் டெரில்.
"மோசஸோட நாய்த்தீனி ஒரு வாரமாக் கெடக்கு. ஏத்திடலாம்."
ஒரு மூட்டை நாற்பத்துநான்கு பவுண்டு.
இரண்டு மூட்டை.
என் பக்கத்து இருக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து
பெல்ட் மாட்டினான்.
கூட்டிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

நாற்பது நிமிஷப் பயணம்.
கீழே வெள்ளை, வெள்ளையில் குட்டைப் புதர்கள்,
சறுக்குவண்டி போன ஒற்றைத் தடம்.
என் தோளில் தோள் சாய்த்து
மீன்தூள் வாடையோடு அது உட்கார்ந்திருந்தது.
காற்றில்லாத பள்ளத்தில் விமானம் விழுந்தபோது
என் கை தானாக நீண்டு
அதை இருக்கையோடு சேர்த்துப் பிடித்தது.
விமானம் சீரான பிறகும்
கையை எடுக்க மனம் வரவில்லை.
விமானி திரும்பிப் பார்க்கவில்லை, நல்லவேளை.

எங்கள் ஊரில் மோசஸ் காத்திருந்தான்.
உள்ளே கைவிட்டு ஒன்றை இழுத்துத் தோளில் போட்டான்,
திரும்பி வந்து மற்றதையும்.
"அப்பா, என்ன கனம்" என்றான்.
"தெரியும்" என்றேன்.
அதற்கு மேல் அவனிடம் சொல்ல என்ன இருக்கிறது.
நாய்கள் மூட்டையை அடையாளம் கண்டு
ஊரெல்லாம் கேட்கக் குரைத்தன.

பிறகு நானும் இறங்கினேன்,
அந்தச் சின்னக் கதவில்
வழக்கம்போல் ஒருக்களித்து, மூச்சை உள்ளே இழுத்து.
முன்னும் பின்னும் ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது.
அதன் வழியே குளிர் நேராக உள்ளே போயிற்று.