பனி காயும்வரை

பனி காயாமல் கதிரை வண்டிக்குக் கொடுக்கக் கூடாது.
ஈரத்தில் நெல்லும் வைக்கோலும்
ஒன்றையொன்று விடாது.
அதனால் பத்து மணி வரை
பெல்ட் வண்டியின் நிழலில் சும்மா கிடப்பேன்.

கருமந்துறைக்காரன் நான்.
கண் விழித்தால் மலையில் முட்டிக்கொண்டு வளர்ந்தவன்.
நன்னிலம் தாண்டிய இந்த வெளியில்
பார்வை போய்க்கொண்டே இருக்கிறது,
ஒரு பனைமரம்,
அதற்கப்பால் அடுத்த ஊரின் பனைமரம்.

மாசிலாமணியின் ஏழு மா வயலுக்கு நடுவில்
வரப்புச் சாமி உட்கார்ந்திருக்கிறார்.
மூக்கு போய்விட்டது. ஒரு காது மட்டும் தோள்வரை.
தை மாதத்தில் மார்புக்கு மேலேதான் தெரிவார்.
"சுத்தி மூணடி விட்டுட்டு ஓட்டு,
மிச்சத்த ஆள் வச்சு அறுத்துக்கறேன்."
வாடகையில் ஐம்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்பவர்,
அந்த மூன்றடிக்கு மட்டும் பேரம் பேசியதில்லை.

அன்று மதகடியில் ஒரு பைக் நின்றது.
காரைக்காலில் கடலோரக் காவல் படகில் வேலையாம்.
பெயர் ரிக்சின். ஊர் லடாக்.
"அண்ணே, புத்தர் எங்க?"
அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன்.
அவன் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே
ஷூவைக் கழற்றினான்.

போக வழியில்லை.
முற்றிய கதிர், கால் பட்டாலே உதிரும்.
அவன் வரப்பிலேயே நின்று கும்பிட்டுவிட்டு
திரும்பத் தயாராகத்தான் இருந்தான்.
மணி எட்டே கால். தாளில் இன்னும் சொட்டுகிறது.
நான் ஏன் சாவியைப் போட்டேன் என்று
இன்றுவரை தெரியவில்லை.

கட்டர் அகலத்துக்கு ஒரு பாதை, நேராக.
இரண்டு முறை அடைத்துக்கொண்டது.
படுத்துக்கொண்டு கையால் பிடுங்கினேன்.

வெறுங்காலில், குத்தும் தாள்மேல்,
மூன்று முறை சுற்றினான்.
பிறகு செல்போனைக் காட்டினான்:
செங்குத்துப் பாறையில் அடுக்கி வைத்த வெள்ளை அறைகள்,
பின்னால் புல்லே இல்லாத மலை, அதன் பின்னால் பனி.
"ஐந்நூறு படி, அண்ணே. மூச்சு முட்டும். அப்புறம்தான் சாமி."
இங்கே வரப்பிலிருந்து ஒரே படி.
அதுவும் கீழே.
இருவரும் சிரித்தோம்.

கப்பலில் அவனுக்குத் தூக்கம் வராதாம்.
எனக்கு இந்தச் சமதரையில் என்றேன்.

"நீங்க சுத்துவீங்களா இவர?"
நாலு தையாகச் சுற்றுகிறேன், டீசல் கணக்கில்.
"வலமாவா?"
நெல் கொட்டும் குழாய் வலப்பக்கம்,
அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
அதனால் எப்போதும் இடமாகத்தான்.
அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்" என்றான்.

அவன் போன பிறகு
ஒரு சுற்று வலமாக ஓட்டிப் பார்த்தேன்.
குழாய் சாமியின் முகத்துக்கு நேரே வந்தது.
டிராக்டர்காரன் அங்கிருந்தே
என் குலத்தையெல்லாம் இழுத்துத் திட்டினான்.
திருப்பிவிட்டேன்.

மாசிலாமணி நெல்லில் கைவிட்டுப் பார்த்தார்.
"இந்த ஒரு பட்டை மட்டும் ஏன்டா ஈரம்?
கொள்முதல்ல தள்ளிடுவான்."
நான் சங்கிலிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.
நடுவயல்வரை போய் நின்ற பாதையைப் பார்த்தார்,
தாளில் பதிந்த காலடியைப் பார்த்தார்.
அரைமணி வாடகையைக் கழித்துக்கொண்டார்.

ஈர நெல் தார்ரோட்டில் தனியாகக் காய்கிறது,
முழங்கால் உயரக் குவியல்.
பஸ்காரர்கள் ஒதுங்கிப் போகிறார்கள்.