அடிக்கிறவன்மேல் இறங்காது

ஆடி பிறந்தால் எனக்கு வீடு
இந்தக் குட்டியானையின் பின்பக்கம்.
ஒரு தார்ப்பாய், நான்கு பேர்,
பம்பை இரண்டு ஜோடி, சிலம்பு மூட்டை.
லோகநாதனின் கீபோர்டுக்கு மட்டும் கம்பளி.
எங்களுக்கு அவன் போர்த்தினதில்லை.

செவ்வாய் மத்தூர். புதன் அரூர்.
வியாழன் எங்கே என்று திம்மராயன் கேட்டால்
சட்டைப்பையில் மடித்த நோட்டீசைப் பார்க்கவேண்டும்.
ஊர் மாறுகிறது, மைக்செட்காரன் மாறுகிறான்,
‘கொஞ்சம் பொறுங்க, தலைவர் வரட்டும்’ மட்டும்
எல்லா ஊரிலும் ஒரே ஆள் சொல்வதுபோல் இருக்கிறது.

சாப்பாடு பன்னிரண்டுக்கு மேல்.
சில ஊரில் இலை, சில ஊரில் தட்டு,
சில ஊரில் மதிலுக்கு வெளியே
ஓரம் கிழிந்த பாக்குமட்டை.
அடிக்கும்போது நாங்கள் உள்ளே,
தின்னும்போது வெளியே.
இதைப் பாட்டாக்கலாம் என்றான் லோகநாதன்.
முதலில் கழுத்தில் இருக்கிற கொசுவை அடி என்றேன்.

சாமி யார்மேல் வேண்டுமானாலும் வரும்.
அடிக்கிறவன்மேல் இறங்காது.
அவனுக்கு நாளைக்கு வேறு ஊர் இருக்கிறது.

மாரண்டஅள்ளியில் அன்றைக்குத் தூறல்.
தோல் தொய்ந்து, தொண்டை கட்டிய பம்பை.
வைக்கோல் கொளுத்திக் காட்டினோம்
சுண்டினால் ணங் என்கிறவரை.
பதினொன்றரைக்கு இறங்கினாள்.
ரோஸ் சேலை, முப்பது வயது இருக்கும்,
எலுமிச்சம்பழத்தைத் தோலோடு கடித்தாள்.
வரிசையில் நின்று கேட்டார்கள்:
போர் போட்டால் தண்ணி வருமா,
பையன் ஓசூர் கம்பெனியில் நிரந்தரம் ஆவானா,
தொலைந்த கம்மல், தள்ளிப்போகிற கல்யாணம்.
எல்லாருக்கும் ஒரு வார்த்தை, ஒரு பிடி விபூதி.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.
‘கேக்குறவனெல்லாம் கேட்டுட்டான்.
அடிக்கிறவனே, உனக்கு என்னடா வேணும்?’

இருபத்திரண்டு வருஷத்தில்
எந்தச் சாமியும் என்னிடம் கேட்டதில்லை.
வாய் திறந்தால் தாளம் தவறும்,
தாளம் தவறினால் அவள் போய்விடுவாள்,
போய்விட்டால் யாரிடம் கேட்பது?
இருந்தது, கேட்க.
பொம்மிடிக்காரர்கள் போன வருஷம் வைத்த பாக்கி.
மூத்த மகளுக்கு நர்சிங் சீட்டு.
வலது தோளில் வார் அறுத்த இடம்.
குச்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
கடன் கேட்க வந்து கூச்சப்படுகிறவனைப் பார்ப்பதுபோல்
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
கற்பூரம் காட்டி மலையேற்றினார்கள்.

விடியற்காலம் நாலு மணி. மூட்டை கட்டுகிறோம்.
‘அண்ணா, ராயக்கோட்டை வழியாவா போறீங்க?
தக்காளி மண்டியில எறக்கி விட்டுடுங்க,
அஞ்சுக்குள்ள போகலைன்னா வேலை இல்ல.’
அதே ரோஸ் சேலை, மேலே ஆம்பிளைச் சட்டை.
நெற்றி மஞ்சளைப் பாதிதான் கழுவியிருந்தாள்.
திம்மராயன் சிலம்பு மூட்டையைத் தள்ளி இடம் விட்டான்.
ஊர் எல்லை தாண்டுவதற்குள்
என் பம்பைமேல் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.
பள்ளம் வரும்போதெல்லாம்
தலை பட்டு உள்ளே மெல்ல ஒரு சத்தம்.

இப்போது கேட்கலாம், கை சும்மாதான் இருக்கிறது.
கூடைக்கு ஆறு ரூபாய்க்குத்
தக்காளி பொறுக்கப் போகிறவளிடம்
நர்சிங் சீட்டைப் பற்றி என்ன கேட்பது.

மண்டி வாசலில், லாரி வெளிச்சம் பட்டு விழித்தாள்.
‘எவ்ளோ ஆச்சுண்ணா?’
நான் கையை ஆட்டினேன்.
‘நல்லா அடிச்சீங்கன்னு சொன்னாங்க.
எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல.’
பெட்டிகளுக்கு நடுவில் போய்விட்டாள்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.

தோலில் மஞ்சள்.
ஈரம் ஆகாது என்று
வேட்டி நுனியால் துடைத்தேன்.

அஞ்செட்டியிலிருந்து போன்.
‘எங்க வந்திருக்கீங்க? கரகம் கெளம்பணும்.’
கெலமங்கலம்கூட வரவில்லை.
‘இதோ, தேன்கனிக்கோட்டை தாண்டிட்டோம்’ என்றேன்.
முன்னால் ஒரு தக்காளி லாரி,
வழி விடுகிற மாதிரி இல்லை.