பதினோரு விநாடி

மதியம் இரண்டரைக்கு நான் நுழையும்போதே
ஆறு மணிச் செய்தி பாதி வெந்திருக்கும்.
அரை மணி நேரம் என்று பேர்.
விளம்பரம் போக, வானிலை போக, ஹாக்கி போக
என் கைக்கு மிஞ்சுவது பதினொன்றே கால் நிமிடம்.
அதற்குள் மினசோட்டாவின் வடகோடியை
மடித்து வைக்க வேண்டும்,
பெட்டி மூடாவிட்டால் மேலே ஏறி உட்கார்ந்து.

மார்லிஸின் மேசையில் போலீஸ் வானொலி
நாள் முழுக்க முணுமுணுக்கும்.
சாண்ட்விச் மெல்வாள், எங்கள் கதைகளுக்குச் சிரிப்பாள்,
ஒரு சொல் காதில் விழுந்ததும்
மெல்வது நிற்கும்.
அன்று அந்தச் சொல்: பனிக்கட்டி.

மார்ச் மாத ஏரியை நம்பக் கூடாதென்று
ஊருக்கே தெரியும். நாங்களே
நான்கு முறை சொன்னோம், வரைபடம் போட்டு,
சிவப்பு அம்புக்குறி வைத்து.
டேரில் ராசனென், இருபத்தொன்பது,
பிக்கப் வண்டியோடு உள்ளே போனான்.

டுவேன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்
விரல்நுனி வெட்டிய கையுறையோடு.
ஃபோகஸ் திருப்ப அப்படி வெட்டியது.
குளிர்காலம் முடிவதற்குள் இரண்டு நகமாவது கறுத்துவிடும்.

நான்கு இருபதுக்குக் காட்சிகள் வந்திறங்கின.
கரையில் அம்மா, ஜோலீன்.
உதட்டுச் சாயம் புதிதாகப் பூசியிருந்தாள்.
பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது,
ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.

பத்தொன்பது நிமிடம் பேசினாள்.
அவன் முதல் வேலை, வண்டிக் கடன்,
சலவை இயந்திரத்தைக் கழற்றி
மறுபடி பூட்டத் தெரியாமல் விட்டது, போன வாரச் சண்டை.
நான் பதினோரு விநாடி எடுத்தேன்.
"கதவைச் சாத்திட்டுப் போடான்னு சொன்னேன்.
கடைசியா நான் சொன்னது அதுதான்."
நல்ல வெட்டு.
செய்தி வாசிக்கும் கிரெக் ஹால்வர்சன்கூட "ம்" என்றான்,
யாருக்கும் "ம்" சொல்லாதவன்.
அடுத்து பள்ளிக் கூரைக்கு நிதி, நாற்பது விநாடி.
அடுத்து டயர் விளம்பரம்.

இரவுச் செய்திக்குக் கால் மணி முன்னால் தொலைபேசி.
அந்நேரம் அழைப்பவர்கள்
கிரெக்கின் டை பிடிக்காதவர்கள்,
இல்லாவிட்டால் ஊர்ப்பெயரைக் கொன்றுவிட்டோம் என்பவர்கள்.
"நான் ஜோலீன்."
திட்டு வாங்க நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
"எனக்குப் பின்னால ஒரு நாய் போகுது, உங்க படத்துல.
அது அவன் நாய், பிக்கிள்.
வண்டியிலதான் இருந்திருக்கணும்.
எந்தப் பக்கம் போச்சு?"

நான் பார்க்கவே இல்லை.
முப்பது தடவையாவது ஓட்டியிருப்பேன் அதை.
உதட்டைப் பார்த்தேன்,
மூச்சு எங்கே முடிகிறதென்று பார்த்தேன்.
இப்போது, அவள் இடத்தோளுக்குப் பின்னால்
ஒரு பழுப்புக் கறை,
ரோமம் உறைந்து குத்திட்டு.
நான் வெட்டிய இடத்தில்
ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தது.

ஒதுக்கி வைத்ததைத் திறந்தேன்.
கால் தரையைத் தொட்டது.
மீட்பு வண்டியைச் சுற்றி, ஏரியை ஒருமுறை திரும்பிப் பார்த்து,
தூண்டில்புழு விற்கும் கடையை நோக்கி.
முன்னால் அவள் வண்டிக் கடனைப் பற்றிச் சொல்கிறாள்,
பின்னால் அது போய்க்கொண்டே இருக்கிறது.
"புழுக்கடைப் பக்கம். ஆறாவது நிமிடம்" என்றேன்.
நிமிடம் அவளுக்கு எதற்கு?

"நான் பேசினதெல்லாம் இன்னும் இருக்கா?"
"இருக்கிறது."
"வச்சிருப்பீங்களா?"
முப்பது நாள் என்பது நிலையத்து விதி,
பிறகு அதன்மேல் வேறொன்று பதிந்துவிடும்.
வைத்திருப்பேன் என்றேன்.
கோப்புக்கு 'டயர் விளம்பரம், பழையது' என்று பெயரிட்டேன்.
இங்கே காசு வந்த எதையும் யாரும் அழிப்பதில்லை.

உடல் மறுநாள் கிடைத்தது. இருபது விநாடி, புகைப்படத்தோடு.
நாயும் கிடைத்ததாம், புழுக்கடையின்
கவிழ்த்த படகுக்கு அடியில்.
"போடலாமா? ஜனங்க கொண்டாடுவாங்க" என்றாள் மார்லிஸ்.
நேரமில்லை என்றேன்.
இருந்தது.
முப்பத்தைந்து விநாடி மிஞ்சியதை
வானிலைக்காரரிடம் கொடுத்தேன்.
இந்த வருடம் ஏரி எப்போது திறக்குமென்று
அவர் இழுத்து இழுத்துச் சொன்னார்.