தராசு அறை

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.
விருப்ப ஓய்வுத் திட்டம்.
விருப்பம் யாருடையது என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

நான் இஷ்பெல் மக்ரே.
வேதியியல் துறையின் நிலவறையில் தராசுகளைச் சரிபார்ப்பவள்.
இருபத்திரண்டு வருஷம்.
இந்த அறையின் கல்மேடை கட்டடத்தோடு ஒட்டாது.
தனியே பாறையில் இறங்கி நிற்கிறது.
கோபுரத்தில் மணி அதிர்ந்தாலும்
முன்னூறு பேர் ஒரே வகுப்பிலிருந்து படியிறங்கி ஓடினாலும்
முள் அசையக் கூடாதென்று
நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ யோசித்திருக்கிறார்கள்.
யோசிக்கத் தெரிந்த இடம் இது.

கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய இரட்டைத் தட்டுத் தராசு ஒன்று இருக்கிறது.
யாரும் பயன்படுத்துவதில்லை. நான் இன்று பயன்படுத்துகிறேன்.
இடத் தட்டில் அந்தக் கல்மேடை.

வலத் தட்டில் வாளி.
மூன்றாம் மாடியில், என் வீட்டைவிட விலை கூடிய கருவிக்குப் பக்கத்தில்
நவம்பர் முதல் மார்ச் வரை சொட்டு வாங்கும் நீல வாளி.
புராதனக் கூரை.
ஒரு பலகைக்கல் மாற்ற ஏழு கையெழுத்து.

இடத் தட்டில் டோனல்டா.
தீவிலிருந்து கப்பலேறி வந்தவள், நண்டுக்கூடை போடுகிறவரின் மகள்.
படிப்புக்குக் காசு கேட்கவில்லை யாரும்.
இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் கடைசி இலக்கத்தைப் பார்த்துவிட்டு
"தராசில் பிழை இல்லை, காற்று இறங்குகிறது, மழை வரும்" என்றாள்.
இந்த ஊரில் மழை வருமென்று யாரும் சொல்லலாம்.
அவள் மணியும் சொன்னாள்.

அதே டோனல்டா வலத் தட்டிலும்:
வாடகைக்கு அறை கிடைக்காமல் ஆறு வாரம்
யார் யார் வீட்டு சோபாவிலோ.
நூலகம் இரவெல்லாம் திறந்திருக்கும்.
அதை எந்தத் தட்டில் வைப்பது?
அவள் அங்கே படிக்கப் போனாளா, தூங்கப் போனாளா
என்று தெரிய வேண்டும்.

பேராசிரியர் லாக்கெட்டை உலகத்துக்குத் தெரியும்.
முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.
அவர் வகுப்பை எடுப்பவள் வாசிலிகி, ஒன்பது மாத ஒப்பந்தம்.
கடைசி வரிசைப் பையன் ஒருவன் கேட்ட கேள்விக்காகக்
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு
பனிச்சேற்றில் நாலு மைல் நடந்தவள்.

பெரிய மண்டபத்தில் கரும்புத் தோட்டக் கனவான் படம்.
அவர் பணத்தில்தான் கிழக்குப் பக்கம் எழும்பியது.
அந்தப் பணம் யார் முதுகிலிருந்து வந்தது என்று
படத்துக்குக் கீழே இப்போது ஒரு பலகை.
நன்றாக எழுதியிருக்கிறார்கள்.
நன்றாக எழுதவும் தெரிந்த இடம்தான்.

வேலைநிறுத்த நாளில் முதல்வர் நடந்தே வந்தார்.
வாசலில் நின்ற எங்கள் ஒவ்வொருவருக்கும் காலை வணக்கம் சொன்னார்.
என் பெயரைச் சரியாகச் சொன்னார்.
அது இன்றுவரை எனக்கு எடை போட வரவில்லை.

நாலரை. வெளியே முழு இருட்டு, ஜன்னல் கம்பியில் கடற்காகம்.
படிவத்தை நவீனத் தராசில் வைத்தேன்: 4.9871 கிராம்.
கையெழுத்துப் போட்டால் மை எவ்வளவு கூட்டும் என்று
பார்க்க ஆசையாக இருந்தது. தொழில் புத்தி.
பேனா மூடியைத் திறந்தேன்.

கதவு தட்டியது. டோனல்டா.
கையில் மூடிய சிறு குப்பி, கண்ணுக்குத் தெரியாத அளவு வெண்தூள்.
நாலு மாத உழைப்பு, இப்போதே எடை பார்க்க வேண்டுமாம்.
"வேலையாக இருக்கிறீர்களா?"

படிவத்தை இடுக்கியால் எடுத்து ஓரமாக வைத்தேன்.
விரல் ரேகைக்கும் எடை உண்டு, பழக்கம் போகாது.
கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.
எங்கள் மூச்சும் அதற்கு ஆகாது.
இருவரும் அடக்கிக்கொண்டு நின்றோம்.

மேலே ஐந்தடித்தது.
கடைசி இலக்கம் ஆடிக்கொண்டிருந்தது.
மணியால் அல்ல.
மேடை அப்படிப்பட்டது.