துணி சுருங்கிவிட்டது

பாயான் லெப்பாஸில், மூன்றாம் கட்டடத்தின் பின்வாசலில்
சீருடை மாற்றித் தரும் சன்னல் என்னுடையது.
எஸ், எம், எல்,
அப்புறம் எக்ஸ் எத்தனை வேண்டுமோ அத்தனை.
பதிவேட்டில் ஒரு பத்தி: காரணம்.
பதினொரு வருடமாக ஒன்றேதான் எழுதுகிறேன்:
துணி சுருங்கிவிட்டது.

ஓவர்டைம் கூடிய மாதம் சுருங்குகிறது.
நைட் ஷிப்டுக்கு மாறினால்
இடுப்பில் முதலில் சுருங்குகிறது.
யாரிடமும் நான் கண்ணை உயர்த்துவதில்லை.
"சோப்புத்தூள் சரியில்ல லா" என்பார்கள்.
ஆமாம், சரியில்லை என்பேன்.

பசியாறியாச்சா என்பதுதான் எங்கள் வணக்கம்.
இரவு இரண்டே முக்காலுக்கு அரை மணி ஓய்வு:
தூசி புகாத அங்கியைக் கழற்ற ஆறு நிமிடம்,
மாட்ட ஆறு நிமிடம்,
கழிவறை வரிசை ஐந்து.
மிச்சத்தில் ஆறுவது பசிதானா?
கெண்டின் எட்டுக்கே பூட்டியாச்சு.
கேட்டுக்கு வெளியே பர்கர் வண்டி,
டபுள், முட்டையோடு, சீஸோடு,
கட்டித் தொங்கும் பிளாஸ்டிக் பையில் சிவப்பு சிரப்.
உள்ளே தண்ணீர் கொண்டுபோகக் கூடாது,
அதனால் விடியும்வரைக்குமான தாகத்தை
ஒரே மூச்சில் இனிப்பாகக் குடித்துவிடுகிறார்கள்.
நின்றபடி. ஒரு கையில் போன்.
மெல்வதை நான் பார்த்ததில்லை,
விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் மட்டும் என்னவாம்.
சன்னலுக்கு உள்பக்கம் எனக்கொரு இழுப்பறை.
முறுக்கு, மீ பாக்கெட், சர்க்கரை சேர்த்தே வரும் காப்பித்தூள்.
இரண்டு முத்திரைக்கு நடுவே
கை தானாக அங்கே போகும்.
சாவி என்னிடம் இருப்பதால்
ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிவம் இல்லாமல்,
டபுள் எக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.
பதிவேட்டின்படி
புனிதமலர் இன்னும் எம்.

போன வாரம் லோஷினி வந்தாள்.
பிறையிலிருந்து பாலம் தாண்டி
கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண், வயது இருபத்தாறு.
எக்ஸ்எல்லை நீட்டி
"எம் கொடுங்கக்கா" என்றாள்.
பதினொரு வருடத்தில் முதல் முறையாக
ஓர் அளவு திரும்பி வருகிறது!
எழுந்தே நின்றுவிட்டேன்.
என்னடி செஞ்சே, ஓடுனியா, சோத்த விட்டுட்டியா,
ரொட்டி சானாய நிறுத்துனியா,
சொல்லு, நானும் செய்றேன்...

"ஒண்ணும் செய்யலக்கா. அதே பர்கர்தான்.
தண்ணி தண்ணின்னு தவிக்குது.
ஷிப்டுக்கு நாலு தடவ ஓடுறேன்,
சூப்பர்வைசர் ஏசுறாரு.
மத்தவங்க எல்லாம் அழகாயிட்டேன்னு சொல்றாங்க.
நேத்து நர்ஸ் விரல்ல குத்திப் பார்த்தாங்க.
இருபத்தொண்ணு."

காப்பியில் சர்க்கரை கரையும்.
சர்க்கரையில் ஆள் கரைவதை
அன்றுதான் பார்த்தேன்.

எம் எடுத்துக் கொடுத்தேன்.
காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.
துணி வளர்ந்துவிட்டது என்றா எழுத?
வெறுமனே விட்டுவிட்டு
அடுத்த வரியில் என் பெயரை எழுதினேன்,
பழைய அளவு, புதிய அளவு.
காரணத்துக்கு அந்தக் கட்டம் போதவில்லை.
அது மட்டும் நிஜமாகவே சுருங்கியிருந்தது.

காலை ஏழு மணி, அரசாங்க ஆஸ்பத்திரி.
அவளுக்கு எண் முப்பத்தெட்டு, எனக்கு முப்பத்தொன்பது.
ரத்தம் எடுக்கும்வரை பசியாறக் கூடாது என்றார்கள்.
லோஷினி என் தோளில் தூங்கிப்போனாள்.
அவள் இவ்வளவு லேசாக இருந்திருக்கக் கூடாது.
என் வயிறு மெல்ல ஏதோ சொன்னது.
எந்த மணியும் அடிக்காத அந்த நேரத்தில்,
இழுப்பறைக்குப் போகாத கையை மடியில் வைத்துக்கொண்டு,
ரொம்ப வருடங்களுக்குப் பிறகு
அது முழுதாகச் சொல்லி முடிக்கக் காத்திருந்தேன்.